உன் போனில் என் பெயர்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மெல்பர்னிலிருந்து பேசும்போது ஒரு வேடிக்கை சொன்னாய். ஹேண்ட்போன் வாங்கப் போன கடையில் உன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த பெண், உன் பெயருக்குப் பின்னால் இருந்த என் பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் ஒரு மிஸ்டர் போட்டுக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாளாம். அப்பா எங்கே வந்தார் என்று நீ திரும்பிப் பார்த்தாயாம். "இங்க நான் இல்லப்பா, நீங்கதான் இருக்கீங்க லா" என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. "லைன் கட் ஆயிடுச்சாப்பா?" என்று கேட்டாய். கட் ஆகவில்லை. சொல்ல ஆரம்பித்தால் உன் போன் கார்டு பாதியில் தீர்ந்துவிடும் என்பதால் சும்மா இருந்தேன். நீ அனுப்புகிற இமெயிலை இங்கே பிரிக்ஃபீல்ட்ஸ் சைபர் கஃபேயில் போய் வாசித்துவிடுகிறேன். ஆனால் அந்தப் பெட்டியில் தமிழ் எழுத எனக்கு வழி தெரியவில்லை. இங்கிலீஷில் எழுதினால் கப்பல் கம்பெனிக்கு எழுதுகிற புகார் மாதிரி ஆகிவிடும். அதனால் பேனாவும் தாளும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். மாதாமாதம் பில் கட்டுகிற லைன் உனக்குத் தரமாட்டேன் என்கிறார்கள், விசா கொஞ்ச காலத்துக்குத்தான், உள்ளூரில் உன்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை என்கிறார்கள் என்று குறைப்பட்டாய். இதில் புண்பட என்ன இருக்கிறது? நீ கிள்ளானில் பிறந்தாய், பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்தாய், மலாய்க்காரப் பையன் மாதிரி மலாய் பேசினாய். ஆனாலும் வருஷா வருஷம் உன் பெர்மிட்டைப் புதுப்பிக்க என்னோடு வரிசையில் நின்றவன்தானே. வெளிநாட்டுக்காரனாக இருப்பது உனக்குப் புதுசில்லை, ஊர்தான் புதுசு. முன்பணம் போட்டுப் பேசுகிற கார்டையே வாங்கிக்கொள். இன்டர்நெட் லைனை அறையின் உரிமையாளர் தன் பெயரில் எடுத்துத் தருகிறேன் என்கிறார் என்றாய். நல்ல மனுஷனாகவே இருக்கட்டும், வேண்டாம் என்று சொல். இங்கே நம் தெரு மூலையில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறதே, அதில் சமைக்கிற மன்னார்குடிக்காரர் ஒருவர் உள்ளூர் நண்பர் பெயரில் ஹேண்ட்போன் எடுத்தார். ஒருநாள் இரண்டு பேருக்கும் கேரம் விளையாட்டில் சண்டை. மறுநாள் போன் ஊமையாகிவிட்டது. மன்னார்குடியில் அவர் மனைவி, புருஷனுக்கு என்ன ஆனதோ என்று ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். தாமதமானாலும் உன் பெயரிலேயே எடு.

போன் கம்பெனிக்கு அந்தப் பெண் எழுதிக்கொண்ட பெயரைத் திருத்தச் சொல்லிவிடவா என்றும் கேட்டாய். அதற்குப் பதில் சொல்ல உன் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். உனக்குத் தெரிந்தது ஒரு வரிதான். "இழுப்பு வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போய்விட்டாள்." நான் எல்லோருக்கும் சொன்னது அந்த ஒரு வரிதான். அதற்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிறவர்கள் அவள்மேல் தப்புக் கண்டுபிடிப்பார்கள் என்று பயந்தேன். இப்போது நீ புரிந்துகொள்கிற வயதில் இருக்கிறாய்.

நான் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து கிள்ளானுக்கு வந்தது மிளகாய், மல்லி இறக்குமதி செய்கிற கடைக்கு. போர்ட் கிள்ளானில் சரக்கு இறங்கும்போது காகிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அனுப்பியவர் பெயர், பெறுகிறவர் பெயர், எதில் ஒரு எழுத்து பிசகினாலும் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும். நான் பார்த்த காகிதத்தில் பிசகு இருக்காது என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். கடைக்கு மேலேயே எங்களுக்கு வீடு கொடுத்திருந்தார். நீ பிறந்தது அங்கேதான். கீழே கிடங்கில் மூட்டை பிரித்தால் மேலே உன் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். முதலில் தும்மல், பிறகு இருமல், பிறகு இழுப்பு. "இந்தக் காரத்துல ஆரோக்கியமான ஆளே நிக்க முடியாது, இடத்த மாத்துங்க" என்றார் டாக்டர். அதனால் பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த வீட்டைப் பிடித்தேன். உயரம் கூடக் கூடப் புழுதி குறையும் என்று நாலாவது மாடியாக நானே பார்த்து எடுத்தேன். லிஃப்ட் கிடையாது. இளம் வயதுதானே, ஏறி இறங்கலாம் என்று நினைத்தேன்.

மிளகாய் தொலைந்தது. இழுப்பு குறைந்ததே தவிர போகவில்லை. நான் விடிந்ததும் கிள்ளான் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். நீ பள்ளிக்கூடம். அவள் அந்த நாலாவது மாடியில் தனியாக. திடீரென்று மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவாள்? பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி நல்லவர், ஆனால் பாதி நாள் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். கீழே இறங்கி, ரோட்டைத் தாண்டினால் சின்னையா அண்ணன் மளிகைக் கடையில் போன் இருந்தது. மூச்சு முட்டுகிறவள் எப்படி அத்தனை படி இறங்குவாள்? வீட்டுக்குள் ஒரு போன் வேண்டும். அந்த நாட்களில் எனக்கு அதைத் தவிர வேறு ஆசையே இல்லை. உங்கள் காலத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறீர்கள். அன்றைக்கு உள்ளூர்க்காரனே விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பான். பெர்மிட்டில் இருக்கிற நான் பாஸ்போர்ட், வேலைக் கடிதம் எல்லாவற்றோடும் உள்ளூர்க் குடிமகன் ஒருவரின் ஜாமீன் கையெழுத்தையும் கொண்டுபோக வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.

விண்ணப்பத்தில் பெயரை முன்னெழுத்து இல்லாமல் விரித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். நம் ஊரில் எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுதினேன். முன்னெழுத்து முன்னால்தானே வரும்? அதனால் என் அப்பா பெயர் ஆண்டியப்பன் முதலில், என் பெயர் அடுத்தது. இந்த ஊர்த் தமிழர்கள் தங்கள் பெயரை முதலில் எழுதி, இன்னார் மகன் என்று அப்பா பெயரைக் கடைசியில் எழுதுவார்கள். முதலில் இருப்பதுதான் ஆளின் பெயர். உங்கள் மெல்பர்னில் கடைசியில் இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். எந்தப் பக்கம் பிடித்தாலும் நம் வீட்டில் அப்பன்தான் மாட்டுகிறான். அன்றைக்கு நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. எழுதி, மடித்து, கொடுத்துவிட்டேன்.

பல மாதம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே உன் அம்மா சிரித்தாள். "இன்னைக்கு மாமாவத் தேடிக்கிட்டு ஒரு ஆளு வந்தாக" என்றாள்.

"எந்த மாமா?"

"ஒங்க அப்பாவத்தான். ஒரு மலாய்க்காரத் தம்பி. கதவத் தொறந்தா, மரியாதையா என்சே ஆண்டியப்பன் இருக்காரான்னு கேக்குறாரு. நான் செவுத்துல மாமா போட்டோவக் காட்டி, சுடா மாத்தின்னு சொன்னேன். மாலையப் பாத்துட்டு, பாவம், தொப்பியக் கழட்டிட்டாரு."

உன் அம்மாவுக்குத் தெரிந்த மலாய், பாசாரில் மீன்காரனிடம் கற்றதுதான். மீன் செத்துவிட்டதா என்று கேட்பதற்குக் கற்ற வார்த்தையை மாமனாருக்குச் சொல்லியிருக்கிறாள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு, "தோள்ல வயர்ச் சுருள் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. கரண்டு ஆபீஸ் ஆளுன்னு நெனச்சேன்."

"போன் போட வந்த ஆளு அது. வேற ஒண்ணும் கேக்கலையா?"

"ஒன் வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டாரு."

"சொன்னியா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் எப்படிங்க சொல்லுவேன்? சீன ஆன்டி இருந்தா சொல்லியிருக்கும். அதும் வீட்ல இல்ல. சும்மா சிரிச்சுக்கிட்டு நின்னேன். அவரும் தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு."

இது உனக்கு விசித்திரமாக இருக்கும். உன் அம்மா என் பெயரைச் சொல்லமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கிளினிக்கில் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வாள். உன்னைப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியையிடம் என் பெயரைச் சொன்னது நீ. அது அவள் வளர்ந்த விதம். நான் கட்டாயப்படுத்தவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. எனக்கு அது பழகிப்போயிருந்தது, கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அன்று அவள் முகம் சின்னதாகிவிட்டது. "நான்தான் கெடுத்துட்டேனா?" என்றாள். "நாளைக்குப் போய்ச் சொன்னா சரியாயிடும், சாப்பிடு" என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தொலைபேசி அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் ஒரு தமிழ்ப் பெண் ஃபைலைத் தேடி எடுத்துப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"அண்ணே, இதுல ஆளு இறந்துட்டாருன்னு எழுதி குளோஸ் பண்ணிட்டாங்க லா."

"இறந்தது என் அப்பாம்மா. ஊர்ல. நான் சின்னப் பையனா இருக்கும்போதே. போன் கேட்டது நான்."

அவள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என் சங்கடத்தைப் புரிந்துகொண்டாள். உள்ளே போய்ப் பெரியவரிடம் பேசிவிட்டு வந்தாள். "குளோஸ் ஆனத தொறக்க முடியாதாம் அண்ணே. புதுசாதான் போடணும். நான் பக்கத்துலயே இருந்து எழுதிக் குடுக்குறேன். ஜாமீன் கையெழுத்தும் புதுசா வேணும்." அவள்மேல் என்ன கோபப்படுவது? அவளே என் பெயரை முதலில் எழுதி, நடுவில் 'மகன்' போட்டு, அப்பா பெயரைக் கடைசியில் எழுதிக் கொடுத்தாள். முதலாளி அப்போது மகள் கல்யாணத்துக்காகத் தேவகோட்டை போயிருந்தார். அவர் திரும்பிவந்து கையெழுத்துப் போடும்வரை அந்தத் தாள் என் பையிலேயே இருந்தது. பிறகு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

வீட்டில் நான் ஒரு காரியம் செய்தேன். என் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். "இனிமே யாராவது கேட்டா நீ வாயத் தொறக்க வேணாம், இதக் காட்டு" என்றேன். அந்த அட்டை இன்னும் இருக்கிறது. வீட்டுக்காரன் பெயரை வெளியே ஒட்டாமல் உள்ளே எதற்கு ஒட்டியிருக்கிறீர்கள் என்று நீ படிக்கிற காலத்தில் என்னைக் கிண்டல் செய்தாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது உனக்குத் தெரிந்த நாள். சீனர்கள் தங்கள் முன்னோருக்காகக் காகிதம் எரிக்கிற மாதம். நீ கீழே பந்து விளையாடிக்கொண்டிருந்தாய். மாலை நேரம், கட்டடத்தைச் சுற்றி அங்கங்கே எரிந்துகொண்டிருந்தது. புகை மேலே வந்திருக்கிறது. ஜன்னலை மூடினாலும் உள்ளே வந்த புகை வந்ததுதான். சீன ஆன்டி கீழே தன் புருஷனுக்குக் காகிதம் எரித்துக்கொண்டிருந்தார். அவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உன் அம்மா தானே படியிறங்கிவிட்டாள். நாலு மாடி. கட்டடத்தின் பின்பக்கப் படி வழியாக இறங்கியதால் நீயும் பார்க்கவில்லை. ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். இதை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் நடந்து பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது ஒன்றுதான்: உட்கார்ந்த இடத்தில் இருந்திருந்தால் நேரம் கிடைத்திருக்கும், அந்த நடைதான் மூச்சைக் குடித்துவிட்டது.

சின்னையா அண்ணன் அவளை அரிசி மூட்டைமேல் உட்காரவைத்து, முதலில் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருக்கிறார். பிறகு என் கடைக்கு. கிள்ளானில் போனை எடுத்தவன் புது ஆள். யார் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். சின்னையா அண்ணனுக்கு என் முகம் தெரியும், தேவகோட்டைக்காரர் என்று தெரியும், பெயர் தெரியாது. உன் அம்மாவிடம் திரும்பி, "தங்கச்சி, அண்ணன் பேரு என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

அவள் சொல்லியிருக்கிறாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு சாமான் வாங்கப் போனபோதுதான் அவர் இதை எனக்குச் சொன்னார். "மூச்சே இல்ல அண்ணே. ஆனா பேரு மட்டும் தெளிவா சொல்லுச்சு. ஆண்டியப்பன் மகன்னு அதையும் சேத்துச் சொல்லுச்சு" என்றார். நான் சீனி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் என் பெயரைச் சொன்ன ஒரே தடவை அதுதான். நான் அதைக் கேட்கவில்லை. கிடங்கிலிருந்து ஓடிவந்து நான் போனை வாங்கியபோது அந்தப் பக்கம் சின்னையா அண்ணன்தான் இருந்தார். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றார்.

அழவில்லையே என்று உறவுக்காரர்கள் என்னைப் பற்றிப் பேசினார்கள், உன் காதிலும் விழுந்திருக்கும். வரவில்லை, தம்பி. யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தேன். வாசலில் கேட்ட ஆள் சரியாகத்தான் கேட்டான். அவள் உண்மையைத்தான் சொன்னாள். நான் நம் ஊர் வழக்கப்படி எழுதினேன். கோபம் வந்திருந்தால் அதன் பின்னால் அழுகையும் வந்திருக்குமோ என்னவோ. எனக்கு எதுவும் வரவில்லை. கை கால் மரத்துப்போகிற மாதிரி உள்ளே மரத்துப்போனது. உனக்குப் பால் காய்ச்சினேன், பள்ளிக்கு அனுப்பினேன், பஸ் ஏறினேன், மற்றவர்கள் சரக்குக் காகிதத்தில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இன்றைக்கும் அது முழுதாக விட்டதாகத் தெரியவில்லை. நீ விமானம் ஏறின அன்றுகூட என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு வருத்தம் இல்லை என்று நினைத்துக்கொண்டு போயிருந்தால், அது சரியில்லை. வருத்தம் இருந்தது. முகத்துக்கு வரத்தான் வழி தெரியவில்லை.

போன் வந்தது. அவள் போன பிறகு வந்த மழைக்காலத்தில். அதே மலாய்க்காரத் தம்பி, அதே வயர்ச் சுருள். கதவைத் திறந்தது நான். இந்தத் தடவை என் பெயரைச் சரியாகக் கேட்டான். உள்ளே வந்தவன் சுவரைப் பார்த்தான். என் அப்பா படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம், இன்னொரு மாலை. அவனுக்கு அவள் முகம் ஞாபகம் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவளுடைய மீன்கடை மலாயிலேயே சொன்னேன். அவன் மறுபடியும் தொப்பியைக் கழற்றினான். வேலையை முடித்துவிட்டு, லைன் சரியாக இருக்கிறதா, யாருக்காவது பேசிப் பாருங்கள் என்று ரிசீவரை என் கையில் கொடுத்தான். யாருக்குப் பேசுவது? எனக்கு மனப்பாடமாக இருந்தது சின்னையா அண்ணன் கடை நம்பர் மட்டும்தான். சுற்றினேன். "சொல்லுங்க, யாரு பேசுறது?" என்றார். என்னால் என் பெயரைச் சொல்ல முடியவில்லை. வைத்துவிட்டேன். லைன் நன்றாக இருக்கிறது என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன்.

இதுதான் தம்பி, நான் சிரிக்காமல் இருந்ததற்குக் காரணம். உன் அம்மாவை நீ எதற்கும் குறை சொல்லக்கூடாது. உன் தாத்தாவை மரியாதையாகக் காட்டி, என்னை மரியாதையாகச் சொல்லாமல் விட்டாள். அவளுக்குத் தெரிந்த இரண்டு மரியாதையும் ஒரே வாசலில் சேர்ந்து வந்துவிட்டன. உனக்கு ஒரு பெண் வரும்போது உன் பெயரைச் சொல்லச் சொல்லிப் பழக்கு. உரக்கக் கூப்பிடச் சொல். நீயும் காது கொடுத்துக் கேள்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பெயரைத் திருத்தச் சொல்ல வேண்டாம். அந்த ஊரில் பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் எழுதுவார்கள். ஒரு இடத்தில் மட்டும் மாற்றினால் நாளைக்கு நீ யார் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். அவர்கள் என் பெயரைச் சொல்லியே உன்னைத் தேடட்டும். எனக்கும் வயதாகிறது. இந்த வருஷத்தோடு பெர்மிட் முடிகிறது, முதலாளி மகன் புதுப்பிப்பான் என்று தோன்றவில்லை. தேவகோட்டையிலோ இங்கேயோ, ஒருநாள் என் படத்துக்கும் மாலை விழும். அதற்கு அடுத்த வாரமே அந்தப் போன் கம்பெனியிலிருந்து யாராவது கூப்பிட்டு என் பெயரைச் சொல்லி இருக்கிறாரா என்று கேட்பார்கள். அவர் போய்விட்டார் என்று வாய் வரைக்கும் வரும். சொல்லிவிடாதே தம்பி. நான்தான் பேசுகிறேன் என்று சொல்.

அப்பா